இரத்தம் உறைவதும் கரைவதும்



பள்ளி விடுமுறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஜொகூர் கடற்பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்குப் போயிருந்தேன். தேக்கா சந்தையில் சாமான் வாங்கிக்கொண்டு, சிராங்கூன் சாலை வழியாக வீரமாகாளியம்மன் கோயிலுக்குச் சென்று கும்பிட்டுவிட்டு, சற்று இளைப்பாறலாம் என்று ரேஸ் கோர்ஸ் சாலைப் பக்கம் ஒரு புல்தரையில் உட்கார்ந்தேன். ஞாயிறு மாலையில் அந்த வட்டாரம் எப்படி இருக்கும் என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்த பிள்ளைகள் கூட்டங் கூட்டமாக அமர்ந்து ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தார்கள். என் பக்கத்தில் இருந்தவர் புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர். நான் ஆசிரியர் என்று தெரிந்ததும் ஒரு கேள்வி கேட்டார்.

"எங்க விடுதியில ஒரு அண்ணன் இருந்தாரு சார். நாப்பது வயசு. 2020-ல சோதனை பண்ணினப்போ கொரோனா வந்து போயிருக்குன்னு சொன்னாங்க. ஆனா அவருக்கு ஒரு தும்மல்கூட இல்ல. ரெண்டு மாசம் கழிச்சு, சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போதே கை விழுந்துபோச்சு. ரத்தம் உறைஞ்சு மூளைக்குப் போற குழாயை அடைச்சிருக்குன்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்க. காயமே படாத உடம்புல ரத்தம் ஏன் சார் உறையணும்?"

நல்ல கேள்வி. அங்கேயே எனக்குத் தெரிந்த அளவு பதில் சொன்னேன். வீடு திரும்பிய பின் இன்னும் படித்துப் பார்த்தேன். அந்தக் கேள்விக்கு உரிய பதிலைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ளப் போகிறேன்.

பால்மரத்தோடு பழகியவர்களுக்கு இதை விளக்குவது எளிது. மரத்தில் கோடு போட்டதும் பால் வடிகிறது. இரண்டு மூன்று மணி நேரம் சென்றதும் தானாகவே நின்றுவிடுகிறது. வெட்டிய இடத்தில் பால் உறைந்து, வாயை அடைத்துக்கொள்கிறது. மறுமுறை மரத்துக்குப் போகும்போது, கோட்டின்மேல் நாடாபோல் காய்ந்து ஒட்டியிருப்பதை உருவி எடுத்துவிட்டுத்தான் கத்தி வைக்கிறோம். உறையும் குணம் மரத்துக்குக் காவல். அந்தக் குணம் இல்லாவிட்டால் மரம் வடிந்தே வறண்டுவிடும்.

ஆனால் அதே பால் மங்கிலேயே உறைந்துபோனால் நமக்கு நஷ்டம். ஆகவே பால் நீராகவே இருக்க வேண்டுமென்றால் அமோனியா சேர்க்கிறோம். ஆலையில் உறைய வேண்டுமென்றால் ஆசிட் ஊற்றுகிறோம். உறைவது நல்லதா, உறையாமலிருப்பது நல்லதா என்று கேட்டால், இடத்தையும் நேரத்தையும் பார்த்துத்தான் பதில் சொல்ல முடியும்.

இரத்தத்தின் கதையும் இதுதான். காயம் பட்ட இடத்தில் அது உறைய வேண்டும். குழாய்க்குள் ஓடும்போது உறையக் கூடாது. காயம் ஆறியபின், முன்பு உறைந்தது கரைந்துபோக வேண்டும். இந்த மூன்று வேலைகளும் ஒழுங்காக நடப்பதைப் பெரும்பாலும் கவனித்துக்கொள்வது யார் தெரியுமா? இரத்தக் குழாயின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் ஒரே ஓர் அடுக்கு உயிரணுக்கள்.

நம் வீட்டுத் தண்ணீர்க் குழாய்க்குள் வெறும் உலோகமோ பிளாஸ்டிக்கோதான் இருக்கும். இரத்தக் குழாய் அப்படி அன்று. அதன் உட்சுவர் முழுவதும், தரையில் பாய் விரித்ததுபோல், மெல்லிய தட்டையான உயிரணுக்கள் பக்கத்துக்குப் பக்கம் நெருங்கிப் படிந்திருக்கின்றன. இதயத்திலிருந்து கால் விரல் நுனிவரை, பெரிய குழாயிலும் மயிரிழைக் குழாயிலும் இந்த விரிப்பு உண்டு. இதனை உட்சுவர் உயிரணுக்கள் என்று அழைப்போம். இவை வெறும் விரிப்பாகக் கிடப்பதில்லை. இராப் பகலாக வேலை செய்கின்றன. நைட்ரிக் ஆக்சைடு என்னும் வாயுவைச் சிறிது சிறிதாக உண்டாக்கிக் குழாயை விரித்து வைக்கின்றன. இரத்தத்தில் மிதக்கும் தட்டணுக்கள் சுவரில் ஒட்டாதபடி பார்த்துக்கொள்கின்றன. இந்த வாயுவின் வேலையைக் கண்டறிந்த மூவருக்கு 1998-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

இனி, உறைவதும் கரைவதும் எப்படி என்று பார்ப்போம்.

கையில் கத்தி பட்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். குழாயின் உள்விரிப்பு கிழிகிறது. உடனே தட்டணுக்கள் ஓடிவந்து அந்த இடத்தில் குவிகின்றன. அதே சமயத்தில் இரத்தத்தில் கரைந்திருக்கும் ஒரு புரதம், ஃபைப்ரின் என்னும் நாராக மாறி, வலைபோல் பின்னிக்கொள்கிறது. தட்டணுக்களும் நாரும் சேர்ந்ததுதான் நாம் காணும் உறைகட்டி. இரத்தம் நின்றது.

சில நாட்களில் காயம் ஆறுகிறது. அந்த நாரை வெட்டி எடுக்க வேண்டும். அதற்கான கத்தி நம் இரத்தத்திலேயே இருக்கிறது. ஆனால் உறையில் போட்ட கத்தியாக இருக்கிறது. அது பிளாஸ்மினோஜென் என்னும் புரதம். கல்லீரல் செய்து அனுப்புவது. உறையிலிருந்து அந்தக் கத்தியை உருவுவதற்கு ஒரு கை வேண்டுமல்லவா? அந்தக் கைதான் டி.பி.ஏ. என்னும் புரதம். இதைச் சுரப்பவை நாம் சொன்ன உட்சுவர் உயிரணுக்கள். டி.பி.ஏ. ஃபைப்ரின் நாரின்மேல் வந்து அமர்ந்து, கத்தியை உருவிவிடுகிறது. உருவிய கத்திக்குப் பிளாஸ்மின் என்று பெயர். அது நாரைத் துண்டு துண்டாக நறுக்குகிறது, கட்டி கரைகிறது.

கத்தியை எப்போதும் உருவியபடியே வைத்திருந்தால் ஆபத்து. சிறு காயத்திலும் இரத்தம் நிற்காது. எனவே டி.பி.ஏ.யைப் பிடித்துக் கட்டிப்போட இன்னொரு புரதமும் உண்டு. அதன் பெயர் பி.ஏ.ஐ.-1. இதையும் அந்த உட்சுவர் உயிரணுக்கள் செய்கின்றன. கொழுப்புத் திசுவும் கல்லீரலும்கூடச் செய்கின்றன. கரைப்பதற்கு ஒரு புரதம், கரைப்பதைத் தடுப்பதற்கு ஒரு புரதம். அமோனியாப் புட்டியும் ஆசிட் புட்டியும் ஒரே ஆள் கையில் இருப்பதுபோல் வைத்துக்கொள்ளுங்கள். எதை எப்போது எடுப்பது என்று அந்த ஆளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சரி, எப்படித் தெரியும்? இங்கேதான் தூதுப் புரதங்கள் வருகின்றன.

தோட்டத்தில் காலைப் பெரட்டில் மண்டோர் வந்து, இன்று எந்த நிரை, யார் எங்கே என்று சொல்வதுபோல், உடம்பிலும் செய்தி கொண்டு செல்லும் சிறு புரதங்கள் உண்டு. ஓர் உயிரணு அவற்றை வெளியிடும். அவை இரத்தத்தில் மிதந்து சென்று வேறோர் உயிரணுவின் மேற்புறத்தில், பூட்டில் சாவி பொருந்துவதுபோல் பொருந்தும். உடனே அந்த உயிரணு தன் வேலையை மாற்றிக்கொள்ளும். கிருமி நுழைந்துவிட்டால் வெள்ளணுக்கள் முதலியவை இண்டர்லூக்கின்-6, டி.என்.எப். போன்ற தூதுப் புரதங்களை அனுப்புகின்றன. "எதிரி வந்துவிட்டான், கதவைச் சாத்து" என்பதே அவற்றின் செய்தி.

இச்செய்தி கிடைத்ததும் உட்சுவர் உயிரணுக்கள் சாந்த குணத்தை விட்டுவிடுகின்றன. வழவழப்பாக இருந்த சுவர் ஒட்டும் சுவராகிறது. உறையத் தூண்டும் பொருள்கள் கூடுகின்றன. உறைவதைத் தடுக்கும் பொருள்கள் குறைகின்றன. பி.ஏ.ஐ.-1 மிகுதியாகச் சுரந்து டி.பி.ஏ.யைக் கட்டிப்போடுகிறது. ஏன் இப்படி? கிருமியை ஓரிடத்தில் அடைத்து வைக்க உறைகட்டி ஒரு வேலிபோல் உதவுகிறது. சில நாட்களுக்கு இது நன்மைதான். ஆனால் எதிரி போன பின்பும் "கதவைச் சாத்து" என்ற செய்தி ஓயாமல் வந்துகொண்டிருந்தால் என்ன ஆகும்? காயம் படாத இடத்திலும் இரத்தம் உறையலாம். உறைந்தது கரையாமலும் போகலாம். அந்தக் கட்டி மூளைக்குச் செல்லும் குழாயை அடைத்தால் பக்கவாதம். நுரையீரல் குழாயை அடைத்தால் மூச்சுத் திணறல். இதயக் குழாயை அடைத்தால் மாரடைப்பு.

இப்போது சிங்கப்பூருக்குத் திரும்புவோம்.

2020 ஏப்ரல் மாதத்தில் அங்கே வெளிநாட்டுத் தொழிலாளர் விடுதிகளில் கொரோனா வேகமாகப் பரவியது. ஓர் அறையில் பலர் தங்கும் விடுதிகள் அவை. அந்த ஆண்டு டிசம்பரில் அரசு ஒரு கணக்கை வெளியிட்டது. விடுதிகளில் இருந்த சுமார் 323,000 பேரில் 54,505 பேருக்கு மூக்குச் சளிச் சோதனையில் தொற்று உறுதியாகியிருந்தது. மேலும் 98,289 பேருக்கு, முன்பே தொற்று வந்துபோனது இரத்தப் பரிசோதனையில் தெரிந்தது. இரண்டையும் கூட்டினால் நூற்றுக்கு 47 பேர். இவர்களில் மிகப் பலர் காய்ச்சல்கூட இல்லாதவர்கள், உழைக்கும் வயதினர்.

அந்த மாதங்களில் சிங்கப்பூரின் பொது மருத்துவமனைகளில் நரம்பியல் மருத்துவர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். பக்கவாதம் வரும் வயதில்லாத ஆண்கள் பக்கவாதத்தோடு வந்தார்கள். 2020 மே முதல் அக்டோபர் வரை வந்தவர்களில் 18 பேரைப் பற்றி அவர்கள் 2021-இல் ஒரு மருத்துவ இதழில் எழுதினார்கள். அனைவரும் தெற்காசிய இனத்தவர். வயது 35-க்கும் 50-க்கும் இடையில். அனைவருக்கும் கொரோனா வந்துபோயிருந்தது. ஆனால் நோயின் அறிகுறி எதுவும் இருந்ததில்லை. இரத்தச் சோதனையில் தொற்று தெரிந்த நாளுக்கும் பக்கவாதம் வந்த நாளுக்கும் இடைப்பட்ட காலம், நடு அளவாகப் பார்த்தால், ஏறக்குறைய 54 நாட்கள். புல்தரையில் அந்தத் தம்பி சொன்ன "ரெண்டு மாசம்" என்பது என் நினைவுக்கு வந்தது.

அதே 2021-இல் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இன்னொன்றையும் கண்டார்கள். கொரோனாவிலிருந்து குணமடைந்த 30 பேரின் இரத்தத்தைச் சோதித்தார்கள். குழாயின் சுவரிலிருந்து கழன்று மிதக்கும் உட்சுவர் உயிரணுக்கள் அவர்களின் இரத்தத்தில் மிகுதியாக இருந்தன. தூதுப் புரதங்களும் இன்னும் அடங்கவில்லை. வீட்டுச் சுண்ணாம்பு உதிர்ந்தால் சுவரில் ஏதோ கோளாறு என்று நாம் அறிவதைப் போன்றது இது. நோய் போய்விட்டது; செய்தி மட்டும் இன்னும் ஓயவில்லை.

நேயர்களே, இதைக் கேட்டு யாரும் பயந்துவிடக் கூடாது. 18 பேர் என்பது மிகச் சிறு கூட்டம். தொற்று வந்தவர்களில் ஆகப் பெரும்பாலோருக்கு இப்படி எதுவும் நேரவில்லை. அந்த 18 பேரில் ஒவ்வொருவருக்கும் கொரோனாதான் காரணம் என்று அந்த ஆய்வை வைத்து முடிவு கட்டவும் முடியாது. ஆனாலும் அது நமக்கு ஒன்றைச் சொல்கிறது. பக்கவாதம் கிழவர்களுக்கு மட்டும் வரும் நோயன்று. "எனக்கு வயது நாற்பதுதானே" என்று ஒருவர் அலட்சியமாக இருந்துவிடக் கூடாது.

அந்தத் தம்பி அடுத்து ஒன்று கேட்டார். "உறைஞ்சதைக் கரைக்க மருந்து இருக்கா சார்?" இருக்கிறது. அந்த மருந்து வேறெதுவும் அன்று. நம் உட்சுவர் உயிரணுக்கள் சுரக்கும் அதே டி.பி.ஏ.தான். பெல்ஜியம் நாட்டு டெசிரே கோலன் என்ற மருத்துவ அறிஞரும் அவருடன் உழைத்தவர்களும் 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அதைத் தனியே பிரித்தெடுத்தார்கள். பின்பு ஆய்வுக்கூடத்தில் ஏராளமாகச் செய்யும் வழியும் கிடைத்தது. அமெரிக்காவில் 1987-இல் மாரடைப்புக்கும், 1996-இல் பக்கவாதத்துக்கும் அந்த மருந்துக்கு அனுமதி கிடைத்தது. அங்கே உடம்பு செய்யத் தவறியதை, ஊசி வழியாக மருத்துவர் செய்கிறார்.

ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. அதுதான் இந்தப் பேச்சின் உயிர். பக்கவாதம் தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் அந்த மருந்தைக் கொடுத்தாக வேண்டும். எவ்வளவு முன்னதாகவோ அவ்வளவு பலன். பெரிய குழாய் அடைபட்டால் ஒரு மெல்லிய கம்பியைச் செலுத்திக் கட்டியை வெளியே எடுக்கும் முறையும் உண்டு. அதற்கும் நேரக் கணக்கு உண்டு. இரத்தம் போகாத மூளைப் பகுதியில் ஒவ்வொரு நிமிடமும் ஏறக்குறைய 19 லட்சம் நரம்பணுக்கள் மடிகின்றன என்று கணக்கிட்டிருக்கிறார்கள். மடிந்த நரம்பணு திரும்ப முளைக்காது.

இதை நான் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே வீட்டில் படித்துவிட்டேன். 2014-ஆம் ஆண்டு. என் தாய்மாமாவுக்கு 52 வயது. விடியற்காலை 5 மணிக்குப் பால் வெட்டுக்குப் புறப்பட்டவர், வாசலில் நின்றபடியே கத்தியை நழுவவிட்டார். வாய் ஒருபக்கம் கோணியது. பேச்சு குழறியது. பாட்டி பார்த்துவிட்டு, "காத்து அடிச்சிருக்கு, தைலம் தேய்ச்சா சரியாப் போயிடும்" என்றார். நானும் அங்கேதான் இருந்தேன். பயிற்சிக் கல்லூரியில் படித்து வந்த ஆசிரியன், வாயைத் திறக்கவில்லை. தைலம் தேய்த்தோம். கஞ்சி கொடுத்தோம், புரையேறியது. தூங்கி எழுந்தால் தெளியும் என்று காத்திருந்தோம். மருத்துவமனைக்குக் கொண்டு போனபோது பிற்பகல் 3 மணி. மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை மணிக்கு ஆரம்பித்தது?" என்பதுதான். காலை 5 மணி என்றோம். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "மருந்து இருக்கிறது. நேரம்தான் போய்விட்டது" என்றார்.

மாமா உயிரோடு வீடு திரும்பினார். ஆனால் கோணல் இல்லாமல் கோடு போடுவதில் பேர் பெற்ற அந்த வலக்கை மீண்டும் கத்தி பிடிக்கவில்லை. இதில் மருத்துவரைக் குறை சொல்ல எதுவும் இல்லை. குறை எங்களுடையது. பத்து மணி நேரத்தை நாங்கள்தான் வீணாக்கினோம்.

ஆகையால் தாய்மார்களே, தயவு செய்து இதை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். திடீரென்று ஒருவருக்கு முகம் ஒருபக்கம் கோணினால், சிரிக்கச் சொல்லிப் பாருங்கள். இரண்டு கைகளையும் தூக்கச் சொல்லுங்கள். ஒரு கை தாழ்ந்து விழுகிறதா என்று கவனியுங்கள். ஒரு வாக்கியம் பேசச் சொல்லுங்கள். பேச்சு குழறுகிறதா என்று கேளுங்கள். மூன்றில் ஒன்று இருந்தாலும் போதும், உடனே ஆம்புலன்சை அழையுங்கள். மலேசியாவில் 999, சிங்கப்பூரில் 995. கடிகாரத்தைப் பார்த்து, எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். தூக்கத்திலிருந்து எழும்போதே அப்படி இருந்தால், கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்பதைச் சொல்லுங்கள்.

செய்யக் கூடாதவையும் உண்டு. தண்ணீரோ கஞ்சியோ கொடுக்காதீர்கள். விழுங்க முடியாமல் மூச்சுக்குழாயில் போய்விடும். "ரத்தத்தை இளக்கும் மாத்திரை" என்று ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள். ஏனென்றால் சிலருக்குப் பக்கவாதம் அடைப்பினால் வருவதில்லை; குழாய் வெடித்து இரத்தம் கசிவதால் வருகிறது. இரண்டும் வெளியில் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். மூளையை ஸ்கேன் எடுத்துப் பார்த்த பின்புதான் மருத்துவருக்கே தெரியும். கசிவு உள்ளவருக்குக் கரைக்கும் மருந்து கொடுத்தால் அது உயிருக்கே கேடு. சில நிமிடங்களில் வாய் நேராகிவிட்டாலும் "சரியாகிவிட்டது" என்று இருந்துவிடாதீர்கள். அது பெரிய அடைப்புக்கு முன்னறிவிப்பாக இருக்கக்கூடும்.

நோய் வருமுன் காப்பதற்கும் வழி உண்டு. புகை பிடிப்பது உட்சுவர் உயிரணுக்களை நேராகப் புண்படுத்துகிறது. இரத்தக் கொதிப்பும் நீரிழிவும் அந்த விரிப்பை நாளுக்கு நாள் தேய்க்கின்றன. வயிற்றில் கொழுப்பு கூடினால் பி.ஏ.ஐ.-1 கூடுகிறது, கரைக்கும் சக்தி குறைகிறது. விடியற்காலை நேரத்தில் இயல்பாகவே பி.ஏ.ஐ.-1 உச்சத்தில் இருக்கும். மாரடைப்பும் பக்கவாதமும் காலையில் மிகுதியாக வருவதற்கு அதுவும் ஒரு காரணம் என்கிறார்கள். ஆகவே கொதிப்புக்கு மாத்திரை கொடுத்திருந்தால் ஒரு நாளும் விடாமல் சாப்பிடுங்கள். வேகமாக நடந்தால் உட்சுவர் உயிரணுக்கள் டி.பி.ஏ.யைக் கூடுதலாக வெளியிடுகின்றன. காசில்லாத மருந்து அது.

சிங்கப்பூரில் பிள்ளைகள் வேலை செய்யும் குடும்பங்கள் நம்மிடையே பல உண்டு. இன்றிரவு தொலைபேசியில் பேசும்போது, "சாப்பிட்டியா?" என்று கேட்ட பிறகு, முகம், கை, பேச்சு, 995 என்ற இந்த நாலு வார்த்தையையும் சொல்லி வையுங்கள். அறையில் உடனிருக்கும் தோழனுக்கும் சொல்லச் சொல்லுங்கள். கை விழுந்தவன் தானே தொலைபேசியை எடுக்க முடியாது.

அந்தத் தம்பி அன்று விடைபெறும்போது, "அந்த அண்ணனை நாங்க உடனே கொண்டுபோயிட்டோம் சார். இப்போ ஊர்ல கடை வச்சிருக்காரு. கையெழுத்துக்கூட அவரே போடுறாரு" என்றார். உடனே கொண்டுபோனதுதான் அந்தக் கையை மீட்டது. என் மாமாவின் கைக்குக் கிடைக்காத அந்த நேரம், உங்கள் வீட்டில் ஒருவருக்குக் கிடைக்க வேண்டும்.